தழும்பு வராத படம்

அந்த அக்கா எதையாவது பார்க்க ஆரம்பித்தால் கூட நிற்பவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். சிஞ்ச்வட் காய்கறிச் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். என் பை நிறைந்துவிட்டது. கொத்தமல்லிக்குப் பேரம் பேசியும் முடித்துவிட்டேன். அவர் அதே கத்தரிக்காயோடு நின்றார். கடைக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தாயி, கேணார் கா நுஸ்த பக்ணார்?" என்றாள். வாங்கப் போகிறாயா, சும்மா பார்க்கத்தானா என்று மராத்தியில் கேட்கிறாள்.

"ஆதி பக்தே" என்றார் அக்கா. முதலில் பார்க்கிறேன்.

"ஹே காய் நவரா ஆஹே கா?" இதென்ன மாப்பிள்ளையா என்று கடைக்காரம்மா கேட்க, சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். கத்தரிக்காயை மட்டும் கீழே வைக்கவில்லை.

"காம்புக்குக் கீழ பாரு" என்றார் என்னிடம். "ஊதாவும் இல்ல, பச்சையும் இல்ல. இன்னா கலர் அது, சொல்லு."

"கத்தரிக்காய் கலருங்க" என்றேன்.

"அதான் எல்லாரும் சொல்வாங்க. பாக்காம."

அந்த ஒற்றைக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மதியத்துக்குள் அதைப் படமாகப் போட்டு, மாலையில் சுட்டுத் துவையல் அரைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார்.

எங்கள் சொசைட்டியில் அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. போபோடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை; லோக்கல் ரயிலில் போய் வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்து வளர்ந்தது கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவின் ஊர் அரக்கோணம் பக்கம் என்று சொல்வார், ஆனால் அந்த ஊரைத் தன் வாழ்நாளில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார். அவருடைய தமிழில் பாதி இந்தி. கோயம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் பேச்சைக் கேட்டு, "நீ என்ன பா, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி ஒரு 'ங்க' ஒட்டறே, கோந்து மாதிரி" என்று கேலி செய்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கி விடுமுறை நாட்களிலும் படம் போடுவார். எண்ணெய் வண்ணம்தான். எல்லாம் தபால் அட்டை அளவு. போபோடியில் ஒரு தச்சர் ஹார்ட்போர்டை அந்த அளவுக்கு அறுத்துக் கொடுப்பார். அதில் வெள்ளை பூசிக் காயவைத்து அடுக்கி வைத்திருப்பார். மடியில் வைத்துக்கொள்ள ஒரு மரப்பெட்டி. மூடியைத் திறந்து நிறுத்தினால் அதில் பலகை செருகி நிற்கும். கீழே வண்ணம் குழைக்கத் தட்டு. ஐந்தே ஐந்து டியூப் வைத்திருந்தார். கறுப்பு வாங்க மாட்டார். கறுப்பாக எதையும் தான் இதுவரை பார்த்ததில்லை என்பார். பெரிய படம் ஏன் போடுவதில்லை என்று ஒரு முறை கேட்டேன்.

"இந்த அளவுக்குத்தான் என்னால உண்மையா பாக்க முடியுது. இதுக்கு மேல போனா எடம் நெரப்பணுமே. அப்போ பொய் சொல்ல ஆரம்பிச்சுடுவேன்."

அப்படிப் பொய் சொல்லிவிட்டதாகத் தோன்றினால், போட்ட படத்தைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார். இரண்டு மணி நேர வேலையாக இருந்தாலும் சரி. "நான் பாக்காததைப் போட்டுட்டேன்" என்பார், சோற்றில் கல் இருந்தது என்று சொல்கிற மாதிரி.

அவர் வீட்டுச் சுவரில் இருந்த படங்கள்: பாதி தின்ற பாவ் ரொட்டி ஒன்று, குக்கர் ரப்பர் வளையம், மழையில் நனைந்த ஒற்றைச் செருப்பு, தலைமுடி சிக்கிய சீப்பு. பூவோ மலையோ கிடையாது. டர்பன்டைன் வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கும். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒரு நாள் கேஸ் கசிகிறது என்று கத்த, மூன்று மாடி ஜனமும் கீழே இறங்கி நின்றோம். அக்காவும் எங்களோடு இறங்கி வந்து நின்றார், கையில் தூரிகையோடு.

சொசைட்டிக்கு வெள்ளி விழா வந்தபோது, நுழைவாயிலைப் படமாகப் போட்டுத் தரும்படி செக்ரட்டரி வந்து கேட்டார். விழா மலரில் அட்டைப் படமாகப் போடுவதாக ஏற்பாடு. அக்கா ஒரு வாரம் கேட்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். படத்தில் கேட் இருந்தது. அதன் மேல் தொங்கும் கேபிள் வயர்கள் இருந்தன. பெயர்ப் பலகையில் புறா எச்சம் இருந்தது. 'நோ பார்க்கிங்' பலகைக்கு நேர் கீழே செக்ரட்டரியின் ஸ்கூட்டரும் இருந்தது.

"மேடம், யே ஸப்..." இதெல்லாமா என்று அவர் இழுத்தார்.

"இருந்துச்சே" என்றார் அக்கா தமிழிலேயே. செக்ரட்டரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது. மலரில் கடைசியில் போட்டோதான் வந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றையும் அவரே சொல்லியிருக்கிறார். அவர் அப்பா இறந்து கூடத்தில் கிடத்தியிருந்தபோது, எடுப்பதற்கு முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு பாதங்களையும் படமாகப் போட்டிருக்கிறார். சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தாராம். அத்தைகள் சாபமே விட்டார்களாம். அன்றோடு அந்தப் பக்க உறவு போயிற்று.

"உங்களுக்கு எப்படிங்க்கா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்குள் கொஞ்சம் அருவருப்பு இருந்ததை மறைக்கவில்லை.

"எல்லாரும் அழுதுட்டு இருந்தாங்க பா. ஒருத்தர்கூட அப்பாவைப் பாக்கல. கொஞ்ச நேரத்துல எடுத்துட்டுப் போயிடுவாங்க. மத்லப், அப்புறம் பாக்க முடியாதே."

அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். குதிகாலில் வெடிப்பு, வலது சுண்டு விரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருந்தது. அதற்கு மேல் அதை என்னால் பார்க்க முடியவில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிஞ்ச்வட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். மேஜை விளக்கின் கீழ் ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார்ப்பேன். கீறல், நெளிவு, பிசிறு. இருந்தால் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்து ரிஜெக்ட் தட்டில் போடுவேன். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் என் பார்வையில் ஒரு விசேஷம் உண்டு. குறை இருந்தால்தான் அந்தப் பாகம் என் கண்ணில் நிற்கும். குறை இல்லாததை நான் பார்த்ததாகவே சொல்ல முடியாது. கை அடுத்ததற்குப் போய்விடும்.

அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது லிஃப்டில். கீழ்த்தளத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர், "உன் இடது புருவம் வலதைவிட மேல இருக்குது, தெரியுமா?" என்றார்.

"எத்தன மில்லிமீட்டருங்க?" என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி.

அவர் சிரித்த சிரிப்பில் நான் என் மாடியில் இறங்க மறந்து மூன்றாவது மாடிக்கே போய்விட்டேன். அப்படியே அவர் வீட்டில் டீ குடித்தேன்.

என் மகள் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தயிர் வாங்கி வரும்படி அவளை அனுப்பினேன். நடந்தே போகலாம், பத்து நிமிடம். அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். மெதுவாகப் போ என்று சொன்னேனா இல்லையா என்று இன்று வரை எனக்கு நினைவில்லை. சொன்னதாகச் சில நாள் தோன்றும், சொல்லவில்லை என்று சில நாள் தோன்றும். திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லி சாலையெல்லாம் சிதறிக் கிடந்தது. போனில் எனக்குத் தெரியாத குரல் ஒன்று, "ஆப் உஸ்கி மம்மி போல் ரஹி ஹை க்யா?" என்று கேட்டது. அவளுடைய அம்மாவா பேசுவது. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்னால் முதலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்பும் முறியவில்லை. இடது கன்னம் மட்டும் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே தொடங்கித் தாடை வரை கிழிந்திருந்தது. தையல் போட்ட டாக்டர், வருடக்கணக்கில் மங்கும், ஆனால் முழுதாகப் போகாது என்றார். கண் தப்பியதே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த முதல் ஞாயிறன்று, என் ஆபீஸ் பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். அவளைச் சமையலறை ஜன்னல் அருகே உட்கார வைத்து, தழும்பின் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்து, போனில் போட்டோ எடுத்தேன். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணி, அதே ஜன்னல், அதே வெளிச்சம். போனில் அதற்குத் தனி போல்டர். வாரம் ஒன்று, வாரம் இரண்டு என்று பெயர். ஆறுகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர், "விடேன், அவளா சொல்லுவா" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

சில வாரம் கழித்து மகள் ஸ்கேலைத் தட்டிவிட்டாள். "நான் என்ன உன் கம்பெனி பார்ட்டா? போதும் மா. பஸ்."

"கண்ணு, இன்னும் கொஞ்ச நாள்தான். ஆறுதான்னு பாக்கோணுமில்ல?"

"நீ ஆறுதான்னு பாக்கல. போகலையேன்னு பாக்கறே."

அன்றைக்கும் போட்டோ எடுத்தேன். அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் துப்பட்டா வந்தது. இந்த ஊரில் வண்டி ஓட்டும் பெண்கள் தூசுக்கும் வெயிலுக்கும் முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டி, கண் மட்டும் தெரியப் போவார்கள். அவள் வண்டியைத் தொடவில்லை. ஆனால் அதே மாதிரிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அவிழ்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். கூப்பிட்டால் வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி நின்று பதில் சொன்னாள். ஞாயிறு எட்டு மணிக்கு மட்டும் வந்து, அவிழ்த்து, உட்கார்ந்து, மறுபடி கட்டிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் பால்கனியில் துணி எடுக்கும்போது கீழே பார்த்தேன். கேட் அருகே தோழிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். துப்பட்டா கழுத்தில் கிடந்தது. ஏதோ சொல்லித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இரண்டு நிமிடத்தில் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் முகம் மூடியிருந்தது. லிஃப்டுக்குள் கட்டியிருக்க வேண்டும்.

வெளியே இருப்பவர்கள் யாரோதானே, பெற்றவளிடம்தான் வேதனையைக் காட்டுகிறாள் என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன். அப்படி நினைத்து அன்றிரவு அழுதும் வைத்தேன்.

மறுநாள் மாடிக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். "அவளை ஒரு படம் போட்டுக் குடுங்க்கா. காலேஜ் சேந்தப்ப எடுத்த போட்டோ இருக்குதுங்க."

"போட்டோ பாத்துப் போட மாட்டேன்னு தெரியாதா உனக்கு?"

"செரி, நேர்லயே உக்கார வெக்கறனுங்க. ஆனா அந்தத் தழும்பு மட்டும் வரக்கூடாதுங்க. அது இல்லாம அவளை ஒருக்கா அவளே பாக்கோணும். நானும் பாக்கோணும்."

அக்கா என்னைப் பார்த்தார். கத்தரிக்காயைப் பார்த்த அதே பார்வை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் முந்தானையைச் சரி செய்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. தழும்பு வராது" என்றார். "நீயும் வா. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க. நீ அவளுக்கு லெஃப்ட்ல."

புறா எச்சத்தைக்கூட விடாதவர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வேண்டியது கிடைத்தது என்று இறங்கி வந்துவிட்டேன்.

மகள் மறுப்பாள் என்று பயந்தேன். "ஆன்ட்டி வீட்டுக்கா? போலாமே" என்றாள். மேலே போனதும் துப்பட்டாவை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, பால்கனியைப் பார்த்து வசதியாக உட்கார்ந்தாள். எனக்கு அவள் இடப்பக்கம் தாழ்வான ஒரு பிரம்பு மோடா. எதிரே அக்கா, மடியில் பெட்டி.

நான்கு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். அவர்கள் இருவரும் இந்தியும் தமிழும் கலந்து ஓயாமல் பேசினார்கள். லோக்கல் ரயிலில் சீட்டுக்கு நடக்கும் சண்டை, அக்காவின் மேனேஜருடைய விக், மகளின் காலேஜில் பூனை குட்டி போட்ட லேப் என்று என்னென்னவோ.

"ஆன்ட்டி, மூக்கைக் கொஞ்சம் சின்னதா போடுங்க ப்ளீஸ்."

"யார் மூக்கை?"

"க்யா ஆன்ட்டி, என்னோடதுதான்."

"உன் மூக்குக்கு இன்னா கொறைச்சல்? சும்மா உக்காரு."

எனக்கு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளத் தோன்றவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கன்னம், போட்டோ எடுக்கும் நிமிடத்தைத் தாண்டியும், நல்ல வெளிச்சத்தில், மூடாமல், எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் முனையில் சிவப்புக் குறைந்திருக்கிறது. நடுவில் மினுமினுப்பு. தாடை ஓரத்தில் சின்ன முடிச்சு, போன வாரத்தைவிடத் தடித்திருக்கிறதோ? கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அக்கா, "அசையாதே" என்றார். மகள் அசையாமல்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு அக்கா தூரிகையைத் துடைத்து வைத்தார். பலகையைப் பெட்டியிலிருந்து உருவி, ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார். "பஸ், போதும். பாத்துக்கோங்க."

மகள் முதலில் போனாள். குனிந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஹாங்" என்றாள் மெல்ல. "இதான் ஆன்ட்டி. இதேதான்." பிறகு என் பக்கம் திரும்பாமல் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் போய்ப் பார்த்தேன்.

படத்தில் இருந்தது அவள் இல்லை. நான்.

கழுத்து முன்னால் நீண்டிருந்தது. இடது புருவம் ஏறியிருந்தது. உதடுகள் உள்ளே இழுத்து அழுந்தியிருந்தன. கண்கள் பலகைக்கு வெளியே, கொஞ்சம் மேலே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பொருள் கெட்டுவிட்டது, இனி உதவாது, ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்கிற பார்வை. என் மேஜை விளக்கின் கீழே நான் எப்படி இருப்பேன் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் கண்டதே இல்லை. கண்ணாடி பார்க்கும்போது நான் மகளைப் பார்ப்பதில்லையே.

தழும்பு வரவில்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

என் கை போனது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு. வண்ணம் ஈரமாக இருந்தது. வெண்ணெய் மாதிரி நழுவியது. நெற்றியும் கண்ணும் சேர்ந்து பழுப்பாக ஓரத்துக்குப் போயின. கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைகளுக்குள் என் முகத்தின் நிறம்.

அக்கா எழுந்திருக்கவில்லை. துணியை டர்பன்டைனில் நனைத்து நீட்டினார். "இதுல தொட. சோப்புல போகாது."

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? இருந்ததைப் போட்டேன்."

"என்னையப் போடுங்கன்னு நான் சொன்னனா?"

"இத்துணூண்டு பலகை. ஒரு தலைதான் புடிக்கும்" என்றார். பிறகு, கடுமை இல்லாமல், "அவ தினம் பாக்கறா பா. நீ ஒரு நாள் பாக்கக் கூடாதா?" என்றார்.

நான் இறங்கினேன். மகள் எனக்குப் பின்னால் வந்தாள். துப்பட்டா நாற்காலியிலேயே கிடந்தது. அவள் அதற்காகத் திரும்பிப் போகவில்லை. படிக்கட்டில் நான் அவளைப் பார்க்கவில்லை. என் கண் எங்கே போகும் என்று எனக்கே பயமாக இருந்ததால் படிகளைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

அன்று மாலை போனில் அந்த போல்டரைத் திறந்தேன். இருபத்து மூன்று படங்கள். கன்னம், ஸ்கேல், மூக்கின் ஓரம், ஒரு காது. ஒன்றில்கூட என் மகள் இல்லை. அழித்தேன். அது ஒரு பெரிய காரியம் என்று நினைக்க வேண்டாம்; அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு என் கை தானாகப் பையில் ஸ்கேலைத் தேடியது.

மகள் மறுநாளே மாறிவிடவில்லை. ஒரு வாரம் கழித்துத் தட்டோடு ஹாலுக்கு வந்தாள். வந்து எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். இடப்பக்கம் வருவதற்கு மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது.

அக்காவோடு இரண்டு மாதம் நான் பேசவில்லை. லிஃப்டில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வருவார். அந்தப் போனில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். என் கோபம் எப்போது தீர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. தீர்ந்த பிறகும், எப்படிப் போய் நிற்பது என்று தெரியாமல் நாட்கள் போயின.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவரே இறங்கி வந்தார். நாந்தேட் பக்கம் மாற்றல் வந்துவிட்டது, சனிக்கிழமை டெம்போ வருகிறது, வேண்டாத டப்பாக்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள் என்றார். நான் மேலே போனேன், டப்பாக்களுக்காக இல்லை.

"அக்கா, இன்னொருக்கா என்னையப் போடுங்க. இப்ப எப்படி இருக்கறன்னு எனக்குத் தெரியோணும்."

"முடியாது பா. இப்போ உக்காந்தா தெரிஞ்சு உக்காருவே. முகம் நடிக்கும். அப்புறம் நான் தொடைக்கணும்."

"அந்தப் பலகையாவது குடுங்க."

அவர் போய் ஒரு பலகையை எடுத்து வந்தார். அதில் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம் இருந்தது. "சொரண்டிட்டு இதைப் போட்டுட்டேன். பலகை வீணாப் போகும்ல?"

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்தது. அவர் தோளைத் தொடவோ ஆறுதல் சொல்லவோ இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அழுததை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எல்லோரும் தண்ணீர் கொண்டுவரத்தான் ஓடுவார்கள்.

அந்த எலுமிச்சம்பழம் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. சில காலைகளில் அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிற மாதிரி இருக்கும். பழத்தின் நிழலா, என் முகத்தில் மிச்சமா என்று இத்தனை வருட அனுபவத்தை வைத்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவரிடம் பொத்தான் வைத்த பழைய போன்தான் இருந்தது. முதல் வருடம் இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும், அங்கே பருத்தி வெடித்துக் கிடப்பதைத்தான் சொன்னார், அதன் வெள்ளை வெள்ளையே இல்லை என்று. அதன் பிறகு எண் மாறிவிட்டது. இப்போது அந்தப் பழைய எண்ணில் லாத்தூர்காரர் ஒருவர் எடுக்கிறார். நான் நாலைந்து தடவை அழைத்துவிட்டேன். போன முறை என் குரல் கேட்டதும், "தாயி, புன்ஹா தும்ஹிச் கா?" என்றார். மறுபடியும் நீங்களேவா. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, கிடைத்தால் சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது" என்றார் அவருடைய பாஷையில். வங்கியில் விசாரித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், முகவரி தர முடியாது என்றார்கள்.

கூட்டத்தில் எங்கேயாவது ஒரு பெண்மணி ஏதோ ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றால், பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன். விலைச் சீட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் இப்போது நாசிக்கில் வேலை பார்க்கிறாள். வண்டி ஓட்டுகிறாள். மாதம் ஒரு முறை வருவாள். போன வாரம் வந்தபோது, சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இத்தனை நாள் யாரிடமோ கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததை அவளிடம் கேட்டுவிட்டேன்.

"கண்ணு, என் மூஞ்சி இப்ப எப்படி இருக்குது?"

"க்யா? நல்லாத்தான் இருக்கு. ஏன், பார்லர் போணுமா?"

"அதில்ல. உன்னையப் பாக்கறப்ப."

முறுக்கு மெல்லுவதை நிறுத்தினாள். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து எனக்கு நேர் எதிரே நின்றாள். பார்த்தாள். அவசரப்படவில்லை. நெற்றியிலிருந்து தொடங்கி, இரண்டு கண்ணுக்கும் போய், வாய்க்கு வந்து, மறுபடி கண்ணுக்கு வந்தாள். மாவுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலது கண்ணில் கருவிழி ஓரமாகச் சின்னதாக ஒரு தேன் நிறப் புள்ளி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இருந்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை.

"உன் மூஞ்சில பயம் இருக்கு மா" என்றாள் கடைசியில். தமிழில் வார்த்தை தேடிக் கொஞ்சம் நின்றாள். "ரொம்பவே இருக்கு. ஆனா அது ரோடைப் பாத்து. என்னைப் பாத்து இல்ல."